புளித்தண்ணீர் பட்ட கல்

நத்தைக்காட்டில் செத்தவர்கள் கல்லாக ஆரம்பித்த வருஷம் ஏரி நிரம்பிக் கலிங்கு வழிந்து, கடலையும் கம்பும் கை நிறைய விளைந்து, ஆடு மாடுகளுக்கு ஒரு நோய்நொடி இல்லாமல் இருந்தபடியால், அதைச் சாபம் என்று சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை. முதலில் கல்லானவர் பூங்கொடியின் புருஷன் அடைக்கலம். மேற்கே ஆனைக்கரட்டிலிருந்து வீட்டோடு மாப்பிள்ளையாக வந்து, மாமனார் வீட்டுச் சோற்றைத் தலை நிமிராமல் தின்று, கேட்ட கேள்விக்கெல்லாம் 'ம்' கொட்டியே ஆயுளைக் கழித்த மனிதர். விடிந்ததும் குளிப்பாட்டத் தண்ணீர் கொண்டுவந்தவர்கள், பாயில் அவர் கிடந்த இடத்தில் அவர் நீளத்துக்கு ஒரு கருங்கல் கிடப்பதையும், அதன் இடுப்பில் அவருடைய வேட்டி கட்டியபடியே இருப்பதையும் பார்த்தார்கள். பூங்கொடி ஒப்பாரியை நிறுத்தி, கல்லைத் தொட்டுப் பார்த்து, "இன்னும் சூடு ஆறல" என்றாள். பிறகு விட்ட அடியிலிருந்து ஒப்பாரியைத் தொடர்ந்தாள்.

அடுத்துப் போனவர் டீக்கடை வைத்திலிங்கம். அவர் இந்த ஊரில் பிறந்தவர். மஞ்சள் பாய்ந்த வெளுத்த கல்லாகக் கிடந்தார். பக்கவாட்டில் பார்த்தால் வரிவரியாக அடுக்கு, விலாப் பக்கத்தில் ஒரு சின்ன நத்தை. நத்தைக்காடு அரியலூருக்குக் கிழக்கே, ஏர் பூட்டினால் கொழுமுனையில் சங்கும் நத்தையும் கல்லாக இடறுகிற பூமி. எந்தக் காலத்திலோ கடல் கிடந்த இடம். ஆகவே விலாவில் நத்தை இருந்ததில் யாருக்கும் ஆச்சரியம் இல்லை. அடைக்கலத்தை எப்படிச் செய்தார்களோ அப்படியே வைத்திலிங்கத்தையும் சுடுகாட்டுக்குக் கொண்டுபோய் விறகு அடுக்கித் தீ வைத்தார்கள். அங்கேதான் பிசகு நடந்தது. அடைக்கலம் தீயில் வெந்து முன்னைவிடப் பளபளப்பாக வெளியே வந்தவர். வைத்திலிங்கமோ மறுநாள் பால் தெளிக்கப் போன மகனின் கையிலிருந்து முதல் சொட்டு விழுந்ததுமே புகைந்து, கொதித்து, பொங்கி, எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு குவியல் சுண்ணாம்பாக உதிர்ந்துபோனார். தலைமுறை தலைமுறையாகக் காளவாய் வைத்துச் சுண்ணாம்பு நீற்றிப் பிழைத்த ஊர், தன் கல்லைத் தானே மறந்துவிட்டதே என்று எல்லாரும் தலையில் அடித்துக்கொண்டார்கள்.

அதற்குப் பிறகு யாரையும் எரிப்பதில்லை என்றாயிற்று. கருமாதிக்குக் கல் நட்டு, செத்தவரை அதில் வரவழைத்துப் படையல் போட்டு, கடைசியில் அந்தக் கல்லைத் தண்ணீரில் விடுவது இந்தப் பக்கத்து வழக்கம். செத்தவரே கல்லாகிவிட்ட பிறகு தனியாக ஒரு கல் எதற்கு என்று ஒரு கட்சியும், அப்படியானால் அவரையா தூக்கித் தண்ணீரில் போடுவது என்று ஒரு கட்சியும் மாரியம்மன் கோயில் வாசலில் மல்லுக்கு நின்றன. கடைசியில் நாட்டாமை கலியமூர்த்தி, "தண்ணியில விட வேணாம், வீட்டுக் கொல்லையிலயே கெடக்கட்டும்" என்று சொல்லி முடித்துவைத்தார். அதிலிருந்து கொல்லைக்குக் கொல்லை கல் கிடந்தது. துணி காயப்போடும்போது பெண்கள் மாமனார் மேல் ஈரச்சேலை படாமல் பார்த்துக்கொண்டார்கள்.

இரண்டே வகை என்பதும் சீக்கிரம் தெரிந்துவிட்டது. வந்தவர் கருங்கல், பிறந்தவர் வெளுத்த கல். காலம் முழுக்க இந்த ஊர்த் தண்ணீரைக் குடித்தாலும் மேற்கே இருந்து வாழ்க்கைப்பட்டு வந்த மருமகள் கருங்கல்லாகத்தான் போனாள். "அப்பவே சொன்னேன், அவ மனசு கல்லுன்னு" என்றார்கள் நாத்தனார்கள். மேற்கத்திக்காரர்கள் சளைப்பார்களா? "எங்க கல்லுல சாமி செய்யலாம், உங்க கல்லை வெத்தலைக்குத்தான் தடவலாம்" என்றார்கள். சம்பந்தி வீடுகளில் இதைச் சொல்லிச் சிரித்தார்கள், சில வீடுகளில் சிரிக்காமலும் சொன்னார்கள்.

கொளஞ்சி ஆனைக்கரட்டுப் பெண். அவள் ஊரில் வீட்டைச் சுற்றி, தெருவைச் சுற்றி, கண்ணுக்கு எட்டிய மட்டும் கருங்கல். புருஷன் மதியழகன் நத்தைக்காட்டில் பிறந்தவன், லாரி ஓட்டுபவன். பிள்ளைக்கு ஏங்கிக் கோயில் கோயிலாகச் சுற்றி, அதன்பின் ஒன்றே ஒன்று பிறந்தது. தென்னவன் என்று பெயர் வைத்து, தென்னு என்று கூப்பிட்டார்கள். தென்னுவுக்குப் பிறவியிலிருந்தே இளைப்பு. மார்கழிப் பனி என்றார்கள், சுண்ணாம்புத் தூசி என்றார்கள், கொளஞ்சி மாசமாக இருக்கும்போது தின்ற வெள்ளரிப் பிஞ்சு என்றும் சொன்னார்கள். மூச்சு இழுக்க ஆரம்பித்தால் அவன் நெஞ்சுக்குள்ளிருந்து விசில் கேட்கும். அந்தச் சத்தம் அடங்கும்வரை கொளஞ்சி அவனைத் தோளில் சாய்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள், தானும் மூச்சு விடமாட்டாள்.

பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த வயதில் ஒரு நாள், மத்தியான வெயிலில், இழுப்பு நிற்கவில்லை. மதியழகன் லாரியோடு தூத்துக்குடிப் பக்கம் போயிருந்தான். பிள்ளையைப் பக்கத்து வீட்டுப் பூங்கொடி மடியில் கிடத்திவிட்டு, கொளஞ்சி ஆட்டோ பிடிக்க ரோட்டுக்கு ஓடினாள். ஆட்டோவில் ஏறிக்கொண்டு திரும்பி வந்தபோது பூங்கொடி வாசலில் நின்று தலையைத் தலையை ஆட்டினாள். "இப்பத்தான்டி... இப்பத்தான்" என்றாள். எத்தனையோ ராத்திரிகள் ஒவ்வொரு மூச்சாக எண்ணாமல் எண்ணிக் காத்தவள், கடைசி மூச்சுக்கு மட்டும் பக்கத்தில் இல்லை. அவள் அழுததெல்லாம் அதற்காகத்தான். பிள்ளை போனதற்கு அழக்கூட அவளுக்கு இடம் இருக்கவில்லை.

தாய் கருங்கல், தகப்பன் வெளுத்த கல், பிள்ளை எதுவாக ஆவான் என்று சொந்தபந்தம் இரண்டு பக்கமும் காத்திருந்தது. கொளஞ்சியின் அண்ணன் பாதியாவது கறுப்பாக இருக்கும் என்று அடித்துச் சொன்னான். விடிந்தபோது தென்னு முழுக்க வெளுத்த கல்லாக இருந்தான். ஒருக்களித்துச் சுருண்டு படுத்த பிள்ளையின் அளவு, மெல்லிய மெல்லிய அடுக்கு, நத்தை கூட இல்லை. கொளஞ்சி தடவித் தடவிப் பார்த்தாள். தன் கறுப்பில் ஒரு மணியளவாவது அதில் இருக்கிறதா என்று தேடினாள், இல்லை.

அந்த மாத அமாவாசைக்கு மதியழகன் லாரியோடு திரும்பும் முன்பே கொளஞ்சி கொல்லைக்குப் போனாள். ஆனைக்கரட்டில் கல்லை எப்படிக் கவனிப்பார்களோ அப்படித்தான் அவளுக்குத் தெரியும்: புளியைக் கெட்டியாகக் கரைத்து, எலுமிச்சம்பழம் பிழிந்து, தேங்காய் நாரால் தேய்த்துக் கழுவி, எண்ணெய் பூசிவிடுவார்கள்; கல் முகம் பார்க்கிற மாதிரி மின்னும். மற்றவர்கள் தங்கள் வெளுத்த கல்லை விளக்குமாற்றால் தூசி தட்டுவதோடு விட்டுவிடுவதைப் பார்த்து, இந்த ஊர்க்காரர்களுக்குச் செத்தவர் மேல் அக்கறை அவ்வளவுதான் என்று நினைத்திருந்தாள். தன் பிள்ளையை அப்படி விடுவாளா? சொம்பு நிறையப் புளித்தண்ணீரை மெல்ல, தலை என்று அவள் நினைத்த இடத்திலிருந்து ஊற்றினாள்.

கல் நுரைத்தது. நுரைத்துக்கொண்டே, சுர்ரென்று, உள்ளே இழுத்து, கொஞ்சம் நின்று, மறுபடி இழுத்து, விசிலடித்தது.

கொளஞ்சிக்கு அந்தச் சத்தம் தெரியாதா? சொம்பு கீழே விழுந்தது. அவள் கல்லின் மேல் காதை வைத்துப் படுத்தாள். இழுப்பு நீண்டு, நீண்டு, மெலிந்து, ஒரு இடத்தில் அடங்கியது. ரோட்டில் அவள் ஆட்டோவுக்குக் கை காட்டிக்கொண்டு நின்ற நேரத்தில், பூங்கொடியின் மடியில் அடங்கிய மூச்சு அது.

மதியழகன் வந்து பார்த்தபோது அவள் கன்னத்தில் வெள்ளையாகக் குழம்பு ஒட்டியிருந்தது. அவனுக்குப் பார்த்ததும் புரிந்தது. "பாவி, சுண்ணாம்புக் கல்லுடி அது! புளி பட்டா தின்னுட்டுப் போயிரும்டி!" என்று கத்தினான். "புள்ளைய நீயே கரைச்சியே!"

"மூச்சு வுட்டான்ங்க" என்றாள் அவள். "கடைசி மூச்சு. நான் கேட்டுட்டேன்."

அவன் நம்பவில்லை. அந்தக் கடைசி மூச்சைக் கேட்டவள் என்று பூங்கொடியைக் கூப்பிட்டார்கள். அவள் இன்னும் ஈரமாக இருந்த கல்லின் ஓரத்தில் எலுமிச்சம்பழத்தில் ஒரு சொட்டு பிழிந்து, கேட்டு, வாயைப் பொத்திக்கொண்டு எழுந்து போய்விட்டாள். பொழுது சாயும் முன்பு ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது.

பிறகு ஊர் சும்மா இருக்குமா? கொல்லைக்குக் கொல்லை புளி கரைந்தது. பால்காரர் கல் குறட்டை விட்டது, நாட்டாமையின் தகப்பன் கல் வெற்றிலை மென்று துப்பியது, சண்டைக்காரி என்று பேரெடுத்த ஒருத்தியின் கல் யாருக்கும் தெரியாமல் விசும்பியது. சந்தையில் எலுமிச்சம்பழம் வந்த வேகத்தில் தீர்ந்தது. நத்தைக்காட்டில் சாம்பாருக்குப் புளி இல்லை. பூங்கொடி மட்டும் அடைக்கலத்தின் மேல் சட்டி சட்டியாக ஊற்றிவிட்டு, காதை வைத்துக் காத்துக் கிடந்தாள். "உசுரோட இருந்தப்பவும் பேசல, இப்பவும் பேசமாட்டேங்குது இந்த மனுசன்" என்று சொல்லிச் சிரித்தாள். சிரிப்பு முடியும் முன்பே அழுதாள். கருங்கல் வீடுகளில் எல்லாம் அந்த மாதம் அப்படித்தான் இருந்தது.

அந்தச் சமயத்தில்தான் அரசாங்கத்தில் கல்லை ஆராய்கிற ஒரு அம்மா ஜீப்பில் வந்தார். பக்குவமான மனுஷி, ஒவ்வொரு கல்லையும் தொடுவதற்கு முன் வீட்டுக்காரர்களிடம் உத்தரவு கேட்டார். கோயில் வாசலில் உட்கார்ந்து, கொடுத்த டீயைக் குடித்துக்கொண்டே, கேட்டவர்களுக்கெல்லாம் சொன்னார்.

"கறுப்பு, நெருப்புல பொறந்தது. பூமிக்கு அடியில குழம்பா கொதிச்சு, காத்துப் படாத ஆழத்துல மெல்ல மெல்ல ஆறி இறுகினது. மெல்ல ஆறினதாலதான் மணி மணியா இருக்கு. வெளுத்தது தண்ணியில பொறந்தது. கடலடியில சேறும் சிப்பியும் படிஞ்சு, அது மேல இன்னொண்ணு படிஞ்சு, அமுங்கி அமுங்கிக் கல்லானது."

"அப்ப அடுக்கு?" என்று கேட்டாள் கூட்டத்தின் பின்னாலிருந்து கொளஞ்சி.

"ஆமாம்மா. அடியில இருக்கறது பழசு. மேல இருக்கறது கடைசியா படிஞ்சது."

"கறுப்புல?"

"கறுப்புல அடுக்கு கெடையாது. மொத்தமா ஆறினது. அதுல முன்ன பின்னங்கறதே இல்ல." அந்த அம்மா டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, தயங்கி, "புளி ஊத்தாதீங்க. மழையிலயே கொஞ்சம் புளிப்பு இருக்கு. அதுவே மெள்ள மெள்ளக் கரைச்சுரும்" என்றார்.

ஊர் கூடிப் பேசி, இனி எந்தக் கல்லின் மேலும் புளிப்பு படக்கூடாது என்று கட்டுப்பாடு போட்டது. அதற்குள் சில கற்கள் பாதியாகியிருந்தன. சிலர் ஆசை அடங்கி நிறுத்தினார்கள், சிலர் கேட்டதே போதும் என்று நிறுத்தினார்கள், விசும்பல் கேட்டவர்கள் இனி கேட்க முடியாது என்று நிறுத்தினார்கள்.

கொளஞ்சியால் நிறுத்த முடியவில்லை. மதியழகன் புளிப்பானையை ஒளித்து வைத்தான். அவள் மாங்காயை நசுக்கினாள். மாங்காயைத் தூக்கிப் போட்டான். மோரைப் புளிக்க வைத்தாள். ஒரு நாள் அவன் அவள் கையைப் பிடித்து நிறுத்தி, "இருக்கறது இதுதான்டி, இதையும் இல்லாம ஆக்கணுமா?" என்று கேட்டபோது அவன் குரல் உடைந்துபோயிற்று.

"மேல இருக்கறது கடைசின்னு அந்தம்மா சொன்னாங்கல்ல" என்றாள் கொளஞ்சி. "மேலே பூரா இழுப்புங்க. இப்படியே வுட்டா எம்புள்ள காலத்துக்கும் இழுத்துக்கிட்டே கெடப்பான். அடியில போனா நல்ல மூச்சு இருக்கும். அதுவரைக்கும் போயிடுவோம். ஒரு நல்ல மூச்சு மேல வந்துட்டா, நான் கை வெக்கமாட்டேன்."

 மதியழகன் உள்ளே போய், தான் ஒளித்து வைத்த புளிப்பானையை எடுத்து வந்து, அவனே கரைத்தான்.

ஊர்க் கட்டுப்பாட்டை மீறுகிறார்கள் என்று எல்லாருக்கும் தெரியும். கலியமூர்த்தி ஒரு முறை வேலி வரைக்கும் வந்தார், கொஞ்ச நேரம் நின்று கேட்டார், துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, கூட்டத்தில் இந்தப் பேச்சை எடுப்பதில்லை என்று தனக்குள் முடிவு செய்துகொண்டு திரும்பினார். புருஷனும் பெண்டாட்டியும் விடியற்காலையில் ஆளுக்கொரு பக்கம் உட்கார்ந்து, ஒரு அடுக்குக்கு மேல் போகாமல், சொட்டுச் சொட்டாக விட்டார்கள். இழுப்பு அடுக்குகள் கரைந்தன. அதற்கடியில் பள்ளிக்கூடத்திலிருந்து ஓடிவந்து மூச்சு வாங்குகிற அடுக்கு வந்தது. மறுபடி ஒரு மழைக்காலத்து இழுப்பு. அதற்கடியில் ஊதுகுழல் வாங்கி ஊதிப் பார்த்த திருவிழா. கோபித்துக்கொண்டு தேம்பியது, சுடுசோற்றை ஊதி ஊதித் தின்றது, தூக்கத்தில் சிரித்தது. "இது அந்த மஞ்சக் காமாலை வந்தப்ப" என்பாள் அவள். "இல்ல, அது பல்லு மொளைக்கறப்ப" என்பான் அவன். நாள் போகப் போகக் கல் மெலிந்தது, பிள்ளை சிறுத்தது. மடியில் வைக்கிற அளவாக ஆனபோது கொளஞ்சி அதை மடியில் வைத்துக்கொண்டாள்.

கடைசியில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பலகைபோல் மிஞ்சியது. அதன் மேல் விட்ட சொட்டில் வந்தது பால் குடித்து, வயிறு நிறைந்து, மார்பிலேயே தூங்கிப்போன பச்சைப் பிள்ளையின் மூச்சு. இழுப்பு இல்லை, விசில் இல்லை. ஒரு சின்னப் பெருமூச்சு, அப்புறம் சீரான மூச்சு. கொளஞ்சியின் ரவிக்கை நனைந்தது. எத்தனையோ வருஷத்துக்கு முன்பு வற்றிய பால்.

"வந்துருச்சுடி" என்றான் மதியழகன். "நல்ல மூச்சு வந்துருச்சு. போதும்."

அவள் சொம்பைக் கீழே வைக்கவில்லை. அந்தப் பலகைக்கு அடியில் இன்னும் ஒன்றே ஒன்று இருந்தது என்று இரண்டு பேருக்கும் தெரியும். பிரசவத்தில் சிக்கல் என்று மயக்க ஊசி போட்டு வயிற்றைக் கீறி எடுத்தார்கள். தென்னு முதல் முதலாக அழுதபோது கொளஞ்சிக்கு நினைவில்லை. அவன் உயிரோடு இருந்தபோது கடைசி மூச்சையும் கேட்கவில்லை, முதல் அழுகையையும் கேட்கவில்லை. கடைசியைக் கல்லில் கேட்டாயிற்று. முதல் அழுகையைக் கேட்க இதோ, கை எட்டும் தூரத்தில், ஒரு சொட்டுப் புளித்தண்ணீர் போதும். கேட்டு முடித்தால் மடியில் ஒன்றும் இருக்காது.

அவள் சொம்பைப் பலகைக்கு மேலே கொண்டுவந்தாள். அவன் பிடித்து நிறுத்தவில்லை. அது அவள் இஷ்டம் என்று விட்டுவிட்டான்.

கொளஞ்சி அவனைப் பார்த்தாள். "வெளிய நீங்க நின்னீங்கள்ல. எப்படிங்க அழுதான்?"

மதியழகன் முதலில் சொல்ல முயன்றான். "கீச்சுன்னு... இல்ல, பூனைக்குட்டி மாதிரி..." வார்த்தை அமையவில்லை. ஊர் ஊராக லாரி ஓட்டிக் காய்ப்பு ஏறிய, மீசை நரைக்கத் தொடங்கிய மனிதன், கொல்லையில் கோழிகள் பார்க்க மண்டியிட்டு உட்கார்ந்து, கண்ணை இறுக மூடி, நெஞ்சு நிறைய மூச்சை இழுத்து, தன் பிள்ளை அழுத மாதிரியே அழுது காட்டினான். முதலில் மெல்லிசாக ஒரு கீற்று, ஒரு நிறுத்தம், பிறகு வீறிட்டு, வீறிட்டு, நிற்காமல். அது எங்கே பிள்ளையின் அழுகையாக இருந்தது, எங்கே அவனுடையதாக ஆயிற்று என்று வேலிக்கு அந்தப் பக்கம் நின்ற பூங்கொடிக்குத் தெரியவில்லை. கொளஞ்சிக்குத் தெரிந்தது. அவள் கடைசிவரை கேட்டாள். கேட்டு முடித்ததும் சொம்பைச் செடி அடியில் கவிழ்த்தாள்.

"மழையிலயும் புளிப்பு இருக்குன்னாங்க" என்றாள் அப்புறம், பலகையை முந்தானையில் துடைத்தபடி.

"ஓடு போட்டு மூடி வெப்போம்."

"ஓடு ஒடைஞ்சுரும். நான் போனா கருங்கல்லாத்தானே போவேன்? கருங்கல்லுக்கு மழையும் ஒண்ணு, வெயிலும் ஒண்ணு. என்னை நட்டு வெக்காதீங்க. இவன் மேல படுக்க வெச்சுருங்க."

அவன் தலையாட்டினான். அதுவரை அந்தப் பலகை வீட்டுக்குள், அரிசிப் பானைக்குள், ஈரம் அண்டாமல் இருந்தது.

காலம் வந்து கொளஞ்சியும் போனாள். விடிந்தபோது பாயில் கருங்கல்லாகக் கிடந்தாள், மணி மணியாக, அடுக்கே இல்லாமல். கிழவனாகியிருந்த மதியழகன் கொல்லையில் ஒரு குழி வெட்டி, பலகையை நல்ல மூச்சு மேலே இருக்கும்படி வைத்து, ஊர் ஆட்களைக் கொண்டு அவளை அதன் மேல் குப்புறப் படுக்க வைத்தான். இன்றைக்கும் ஐப்பசி அடைமழையில் அந்தப் பக்கம் போகிற பெண்கள், ஏதாவது கேட்கிறதா என்று அந்தக் கறுப்புக் கல்லின் ஓரத்தில் காதை வைத்துப் பார்க்கிறார்கள். ஒன்றும் கேட்பதில்லை. கேட்கக் கூடாது என்றுதானே அவள் அப்படிப் படுத்திருக்கிறாள்.